லைனுக்குப் பத்துக் கேள்வி

'மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, மூன்று மாதமாக மாதவிலக்கு பத்துப் பன்னிரண்டு நாள் நீடிக்கிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. என்ன செய்யலாம்?'

அனுப்பியவர் பெயர் திரையின் மேற்பகுதியில் இருந்தது. இன்பராஜ், ஆண், வயது எழுபத்தொன்று, சாம்பியன் ரீப்ஸ். எங்கள் தங்கச் சுரங்க ஊர். சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போனவர். ஐந்து வருடமாக என் நோயாளி. அதற்கு முன்னால் நாற்பது வருடமாக என் இன்பராஜ் மாமா.

சனிக்கிழமை மாலை அது. வாய்விட்டுச் சிரித்தேன். என் கணவர் ஆஸ்டின் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்வதற்குள் சிரிப்பு நின்றுபோயிருந்தது. ஒரு கேள்வி மாமாவுடையது இல்லை என்றால், மற்றவை யாருடையவை?

திரையை மேலே தள்ளிக்கொண்டே போனேன். இரண்டு மாதத்தில் பத்துக் கேள்விகள். முதல் இரண்டும் மூச்சிரைப்பைப் பற்றியவை, மாமாவேதான். மூன்றாவது, கழுத்தில் செயின் படும் இடத்தில் அரிப்பு. மனைவி போன பிறகு ஒரு மோதிரம்கூடப் போடாத மனிதருக்கு ஏது செயின்? களிம்பின் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஐந்தாவது, டைப் அடித்து டைப் அடித்துக் கை மரத்துப்போகிறது. அதற்கும் பதில் சொல்லியிருக்கிறேன். பூமிக்கு அடியில் பாறையைத் துளைத்த கை எந்தக் காலத்தில் டைப் அடித்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஒரு மணி நேரத்தில் நாற்பது பேருக்குப் பதில் எழுதுகிறவளுக்கு எதுவும் தோன்றுவதில்லை.

எட்டாவது கேள்வியில் கை நின்றது. 'இருமல் மறுபடி வந்துவிட்டது. போன தடவை கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரையையே சாப்பிடலாமா?'

'சாப்பிடலாம். காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு, ஐந்து நாளைக்கு மட்டும்' என்பது என் பதில். அதை எழுதிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. அது ஸ்டீராய்டு மாத்திரை, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும். மாமாவுக்குச் சர்க்கரை கிடையாது, அதனால் யோசிக்காமல் எழுதினேன். மாமா குடியிருக்கும் லைனில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பாதிப் பேருக்குச் சர்க்கரை.

பதிவில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மமதா எடுத்தாள். மாமாவின் மகன் ரோனியின் மனைவி, கன்னடம் பேசும் பூதிகோட்டைப் பெண். ரோனி குவைத்தில் இருக்கிறான். அவள் தினமும் ரயிலில் பெங்களூர் வந்து கார்மென்ட்ஸில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறாள்.

"மமதா, இன்னைக்கு வந்த கேள்வி யாருக்கு?"

"மாமாவுக்குத்தான்க்கா."

"மாதவிலக்கா?"

"தப்பா டைப் ஆயிடுச்சுக்கா. மன்னிச்சிடுங்க."

"இருமல் மாத்திரை? அது யாருக்கு? உண்மையைச் சொல்லு."

"அதுவும் மாமாவுக்குத்தான். அக்கா, சிக்னல் இல்லே, அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டாள். மறுபடி அடித்தபோது போன் அணைந்திருந்தது.

நான் வேலை பார்க்கும் பெங்களூர் ஆஸ்பத்திரியின் ஆப் அது. அதன் விதி எனக்குத் தெரியும். ஒருவர் கணக்கை இன்னொருவர் பயன்படுத்தினால் கணக்கு மூடப்படும். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குப் போகும் முதல் ரயிலில் ஏறினேன். பையில் சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

*

அம்மாவை அடக்கம் செய்த பிறகு நான் அந்த ரயிலில் ஏறி நான்கு வருடம் ஆகியிருந்தது. கல்லூரிக் காலத்தில் இதே ரயிலில்தான் உடற்கூறியல் படித்தேன். பக்கத்தில் உட்காரும் பெண்கள் அந்தப் புத்தகத்தின் மேல் வெங்காயம் உரிப்பார்கள், பூக் கட்டுவார்கள். ஞாயிறு என்பதால் இன்று பெட்டி காலி. பங்காருபேட்டை தாண்டி, தங்கம் எடுத்த கழிவில் எழுந்த ஊரின் வெள்ளை மண்மேடுகள் தெரிந்ததும் மூக்கில் பழைய அரிப்பு வந்துவிட்டது. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மேட்டுத் தூசி சோற்றில் விழும். அம்மா தட்டின் மேல் தட்டைக் கவிழ்த்துத்தான் கொண்டுவருவாள்.

ஊரிலிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த மெசேஜ்களை நினைத்துக்கொண்டேன். ஆப் வருவதற்கு முன்பு எல்லாரும் என் சொந்த எண்ணுக்கே எழுதினார்கள். விடிந்ததும் ரோஜாப்பூப் படம் வரும். 'லவினா சாப்ட்டியா, மாமாவுக்குக் கால் வீங்கி கீது பாரு' என்று வரும், கூடவே காலின் போட்டோ. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்து அனுப்புவார்கள். படத்தின் பின்னால் கொடியில் காயும் லுங்கி தெரியும். கேள்வி எங்கே தொடங்குகிறது, நலம் விசாரிப்பது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாது. ஒரு நாள் மாலையில் மட்டும் அறுபத்துமூன்று. பதில் எழுதி முடித்தபோது என் தட்டில் சாம்பார் காய்ந்துபோயிருந்தது. ஆஸ்டின் எதுவும் பேசாமல் அதை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தது. மெசேஜுக்குக் கட்டணம் வைக்கலாமா? வக்கீல் இலவசமாகப் பேசுகிறாரா என்று ஒருவர் கேட்டார். நோயாளிகள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவார்களே என்று ஒரு இளம் டாக்டர் தயங்கினார். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது முதலில் உயர்ந்தது என் கை.

அன்றிரவே ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் ஆப்பின் லிங்க்கை அனுப்பினேன். 'இனிமேல் இதில்தான் கேட்க வேண்டும். மேலிடத்து உத்தரவு. என் கையில் ஒன்றும் இல்லை.'

அதற்குப் பிறகு என் மாலைகள் அமைதியாகிவிட்டன. சாம்பார் சூடாக இருந்தது. ரோஜாப்பூக்களும் நின்றுபோயின. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கேள்விக்குத்தானே கட்டணம், பூவுக்கு இல்லையே. ஆனால் எதற்குக் காசு, எதற்குக் காசில்லை என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குப் பழக்கமில்லை. மொத்தமாக ஒதுங்கிக்கொண்டார்கள். ஆப்பில் எழுதியவர்களும் 'மதிப்பிற்குரிய டாக்டர்' என்று தொடங்கினார்கள். நான் சாப்பிட்டேனா என்று யாரும் கேட்கவில்லை.

கொரமண்டல் வந்தது, ஊரிகம் வந்தது. அடுத்த நிறுத்தம் எங்களுடையது. இன்னொன்றும் நினைவில் வந்தது. அதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவையும் நினைத்தேனோ என்னவோ.

எனக்கு ஏழு வயதில் நிமோனியா வந்தது. மைன்ஸ் ஆஸ்பத்திரியில் வேலைக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் வைத்தியம் இலவசம். வேலைக்காரரின் நம்பரைச் சொன்னால் போதும், வீடு மொத்தமும் அந்த ஒரு நம்பரில் அடங்கும். என் அப்பா கிளாரன்ஸ் ஆண்டர்சன்பேட்டையில் டெய்லர். அவருக்கு நம்பர் இல்லை. இன்பராஜ் மாமா வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறையில் நாங்கள் குடியிருந்தோம். மாமாவுக்கு என் வயதில் ஷோபா என்று ஒரு மகள் இருந்தாள். மாமா தன் நம்பரைச் சொல்லி, என்னை ஷோபா என்று சேர்த்துவிட்டார். பதினோரு நாள் நான் ஷோபாவாகப் படுத்திருந்தேன். நர்ஸம்மா "ஷோபா" என்று கூப்பிடும்போது நான் முழிப்பேன். அம்மா போர்வைக்குள் கைவிட்டுக் கிள்ளுவாள்.

பென்சிலின் ஊசி போட்டதும் எனக்கு உடம்பெல்லாம் தடித்து, கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் வீங்கிவிட்டது. உடனே மருந்தை மாற்றினார்கள். அட்டையில் சிவப்பு மையில், இந்தப் பிள்ளைக்குப் பென்சிலின் கூடாது என்று எழுதினார்கள். ஷோபாவின் அட்டையில்.

ஷோபா இப்போது ஓசூரில் டீச்சர். இன்றைக்கும் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில், எனக்குப் பென்சிலின் ஆகாது என்று சொல்வாளாம். அது உனக்கில்லை, எனக்கு என்று ஒரு முறை சொன்னேன். "அட்டையில இருந்துச்சேடி" என்றாள்.

*

மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்று, மூச்சு வாங்கி, மறுபடி உட்கார்ந்தார்.

"வாங்க டாக்டரம்மா."

"இன்னா மாமா, டாக்டரம்மான்னு?"

"காசு குடுத்துக் கேக்கறோமில்ல. மரியாதை வேணாமா?" சிரித்தார். குத்திக் காட்டுகிறார் என்று சொல்ல முடியாது. அவருக்கு அந்த வழக்கம் இல்லை. மமதா கதவுக்குப் பின்னால் பாதி தெரிய நின்றாள்.

"மாமா, உங்க பேர்ல யார் யார் கேள்வி கேட்டாங்க?"

அவர் ஒளிக்கவே இல்லை. "ரோனி பத்துக் கேள்வி கொண்டதா ஒரு பிளான் வாங்கிப் போட்டான். எனக்கு இன்னா கேள்வி கீது? இருமல் வருதான்னா வருது. மூச்சு வாங்குதான்னா வாங்குது. ரெண்டு கேட்டேன். மூணு மாசம் முடிஞ்சா மிச்சம் எட்டும் வீணாப் பூடுமாம். லைன்ல வூட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்துட்டேன்."

"மாமா, அது இன்னா ரேஷன் சர்க்கரையா?"

"சர்க்கரையா இருந்தா குடுத்திருப்பனா? பாதிப் பேருக்கு சுகரு."

மமதா வெளியே வந்தாள். "அக்கா, தயவு பண்ணி அக்கவுண்ட்டை மூடிடாதீங்க. மாமா மேல தப்பில்லே. டைப் பண்ணினது எல்லாம் நான்தான்."

"மூடறதைப் பத்திப் பேச வரலை. எட்டாவது கேள்வி, இருமல் மாத்திரை. அதை யார் சாப்பிட்டாங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து பாப்பம்மா அத்தை வந்துவிட்டாள். நான் பிறந்தபோது வெந்நீர் வைத்துக் கொடுத்தவள். என் அம்மா தையலுக்குப் பட்டன் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் என் தலைக்கு எண்ணெய் வைத்தவள். அவள் வீட்டுக்காரர் வாசு மாமாவும் சுரங்கத்தில் இருந்தவர், போய் ஒன்பது வருடம் ஆகிறது. அத்தையின் கையில் ஒரு பெரிய சொம்பு இருந்தது. என்னைப் பார்த்த சந்தோஷத்தில் சொம்பைத் தூக்கிக் கடகடவென்று பாதியைக் குடித்தாள்.

"இன்னாடி இளைச்சிப் பூட்ட! பெங்களூர்ல சோறு கிடைக்கலையா?" மறுபடி குடித்தாள். சொம்பு காலி. "மமதா, ஒரு சொம்பு தண்ணி குடு."

அவள் கன்னங்கள் பளபளவென்று உப்பியிருந்தன. அந்தத் தாகமும் அந்த உப்பலும் எனக்குத் தெரிந்த அறிகுறிகள்.

"அத்தை, அந்த வெள்ளை மாத்திரை நீதான் சாப்பிட்டியா?"

"ஏய், சூப்பர் மாத்திரைடி அது! ஒரே நாள்ல இருமல் ஓடிப்போச்சு. பசி எடுக்குது. மூட்டு வலி இல்ல. வாசு இருந்தா என்னைப் பார்த்துப் பயந்திருப்பார்."

"எத்தனை நாள்னு எழுதியிருந்தேன்?"

"அஞ்சு நாள்."

"இன்னைக்கு எத்தனாவது நாள்?"

அத்தையின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "நல்லா இருக்கும்போது இன்னாத்துக்கு நிறுத்தணும்னு இருந்துச்சு. கடையில இன்பராஜ் மாமாவோட பழைய சீட்டைக் காட்டினா குடுக்கறான். நிறுத்தலாமா வேணாமான்னு உன்னைக் கேக்கச் சொன்னேன். உன் கேள்வி முடிஞ்சுபோச்சு அத்தைன்னா இவ. வூட்டுக்கு ஒண்ணுதானே. நான்தான் முன்னமே கேட்டுட்டேனே."

மமதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கடைசி ஒண்ணு இருந்துச்சுக்கா," என்றாள். "அதை நான் எனக்கு வெச்சுக்கிட்டேன். ரெண்டு மாசமா கேக்கலாமா வேணாமான்னு இருந்தேன். அத்தை கேட்டப்போ, இல்லேன்னு சொல்லிட்டேன்."

என் கை பைக்குள் கருவியைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை, பிறகு கிடைத்தது. அத்தையின் விரலைப் பிடித்துக் குத்தினேன். நானூற்று முப்பத்தெட்டு.

"ராத்திரி எத்தனை வாட்டி எழுந்துக்கறே?"

"ஏழு எட்டு வாட்டி. வயசாச்சில்ல."

"அத்தை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"மேல பூ வுளுந்தா செத்துப் பூடுவனாடி நான், இதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மாமாவைக் கோச்சுக்காதே. நீ யார் நம்பர்ல பொழைச்சேன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் அத்தை."

*

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்சுலின் போட்டார்கள், தண்ணீர் ஏற்றினார்கள். அங்கிருந்த டாக்டரிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். மாத்திரையை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று பேசி முடிவு செய்தோம். சேர்க்கும் படிவத்தில் பெயர் கேட்டபோது, அத்தையின் பெயரையும் வயதையும் நானே எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவளுடைய சர்க்கரை, அவளுடைய மாத்திரைகள், எல்லாம் அவள் பெயரில். மதியத்துக்கு மேல் சர்க்கரை இருநூற்று எழுபதுக்கு வந்தது. அத்தை தூங்கி எழுந்து, நான் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"போகலையா?"

"ரயில் அஞ்சரைக்கு."

சொல்லாமல் போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆஸ்பத்திரியின் மேல் எல்லாருக்கும் கோபம் இருக்கும், என் மேல் பிரியம் இருக்கும். இரண்டு மாதமாக அந்தப் பிரியத்தில்தான் நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

"அத்தை, மெசேஜுக்குக் காசு வைக்கச் சொன்னது மேலிடம் இல்லை. நான்தான் முதல்ல கை தூக்கினேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "ஏன்?"

"முடியலை. ஒரு நாளைக்கு அறுபது வரும். சாப்பிடும்போது, குளிச்சிட்டு வரும்போது, எப்பவும். பதில் சொல்லலைன்னா பயம். சொன்னா எரிச்சல். உங்ககிட்ட முடியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஏறிக்கொண்டிருந்த சொட்டுகளைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மன்னித்துவிடுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன் என்பது, அவள் பேசியபோதுதான் எனக்கே தெரிந்தது.

"வாசு நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா, இந்த லைன்ல ஒரு கோழியைக் கத்த வுடமாட்டேன். உங்க அம்மா தையல் மிஷினை நிறுத்திடுவா. சண்டைக்காரிங்ககூட அந்தாண்ட போய்ச் சண்டை போடுவாளுங்க. ஷிப்ட் முடிஞ்ச ஆளை எழுப்பக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலியேடி. என் ஷிப்ட் இதுன்னு ஒரு வார்த்தை சொல்லி இருந்தா உன் வாசப்படி மிதிச்சிருப்போமா? காசுன்னு சொன்னே. கேள்விக்குக் காசுன்னா, கேக்கும்போதே கை நடுங்குது. சின்னக் கேள்வியா இருந்தா வீண் செலவுன்னு தோணுது. நல்லாப் பெருசாகட்டும், அப்புறம் கேக்கலாம்னு இருந்துட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விலக்கவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. ஊசி குத்திய கை என்பதால் இருக்கலாம்.

கிளம்பும் முன் வராந்தாவில் மமதாவைப் பார்த்தேன். ஸ்கேன் எடுக்க வேண்டும், ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும், புதன்கிழமை வேலை முடிந்ததும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வா, மகப்பேறு டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். "இதுக்கும் ஒரு கேள்வி ஆயித்தா, கழிச்சுடுவீங்களாக்கா?" என்று கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், சிரித்துவிட்டாள். பிறகு இருவருமே அழுதோம்.

*

திரும்பும் ரயிலில் மாமாவின் பதிவைத் திறந்தேன். எட்டாவது கேள்விக்குக் கீழே எழுதினேன். இது இந்த நோயாளியின் கேள்வி அல்ல. பக்கத்து வீட்டில் வசிக்கும், சர்க்கரை நோயுள்ள பெண்மணியின் கேள்வி. பதில் எழுதும் முன் நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இதை எழுதினால் மாமாவின் கணக்கு மூடப்படலாம். எழுதாவிட்டால் அவர் பதிவில் மாதவிலக்கும் செயின் அரிப்பும் காலத்துக்கும் இருக்கும், ஷோபாவின் அட்டையில் என் பென்சிலின் இருந்தது போல. சேமி என்பதை அழுத்தும்போது ரயில் பங்காருபேட்டையில் நின்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். கட்டணமே தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த அறுபத்துமூன்று மெசேஜ்களை நினைத்தால் இன்றும் என்னால் அப்படி முழுமனதாகச் சொல்ல முடியவில்லை. நாம் ஒரு மருந்தைக் கொடுத்தால், அந்த மருந்தைப் பற்றிய அடுத்த கேள்விகளுக்குக் காசு வாங்கக் கூடாது, எண்ணிக்கையும் வைக்கக் கூடாது என்று மட்டும் கேட்டேன். முதல் முறை தயங்கிய அந்த இளம் டாக்டர் கை தூக்கினார். பார்க்கலாம் என்றார்கள். மாமாவின் கணக்கை மூடிவிட்டார்கள். மாமாவிடம் போனில் சொன்னபோது, "போவட்டும் வுடு, கேள்விங்கதான் எல்லாம் தீந்துபோச்சே" என்றார்.

அன்று இரவு ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் என் சொந்த எண்ணிலிருந்து எழுதினேன். கட்டணம் வைக்கச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி, மேலிடம் என்று சொன்னது பொய் என்று முதல் வரி. அதை எழுத வெகு நேரம் ஆனது. அடுத்த வரி சுலபமாக வந்தது. 'ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை என் ஷிப்ட். அப்போது கேளுங்கள். மற்ற நேரத்தில் அவசரம் என்றால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எனக்காகக் காத்திருக்காதீர்கள்.'

யாரும் பதில் போடவில்லை. புதன், வியாழன், வெள்ளி, சனி, எதுவும் வரவில்லை. புதன்கிழமை ஸ்கேனுக்கு வந்த மமதாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோபமா, ஷிப்ட் முடிந்தவளை எழுப்பக் கூடாது என்ற மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்டின் இரண்டு முறை என் போனைப் பார்த்தார், நான் இருபது முறை பார்த்திருப்பேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போனை மேசையில் வைத்து, எதிரில் உட்கார்ந்தேன். ஏழு பத்துக்கு ஒரு ரோஜாப்பூ வந்தது. அதன் கீழே, மமதாவின் போனிலிருந்து, பாப்பம்மா அத்தை சொல்லச் சொல்ல அவள் அடித்தது.

'சுகர் நூத்தி அறுவது. வூட்டுக்கு வந்துட்டேன். லவினா சாப்ட்டியா? இது கேள்வியில சேத்தியா?'